மூடும் முன் ஒரு கேள்வி: ஃபோம் வெப்பக்காப்பும் வீட்டு வயரிங்கும்

குளிர்நாட்டு வீட்டுச் சுவர் பெரும்பாலும் உள்ளே கூடுபோல் இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, வெளிப்பக்கம் ஒட்டுப்பலகையும் உட்பக்கம் ஜிப்சம் பலகையும் அறைந்துவிடுவார்கள். நடுவே மூன்றரை முதல் ஐந்தரை அங்குலம் வரை இடைவெளி கிடைக்கும். மின்வயர் அதற்குள்தான் ஓடுகிறது. குளிரைத் தடுக்கும் வெப்பக்காப்பையும் அதற்குள்தான் நிரப்ப வேண்டும்.

கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்த காலத்தில் இதில் இவ்வளவு சிக்கல் இல்லை. பஞ்சு வயரைச் சுற்றி முழுமையாக ஒட்டாது, வேண்டுமென்றால் பிடுங்கியும் எடுக்கலாம். ஃபோமின் குணம் வேறு. திரவமாகப் பீய்ச்சப்பட்டு, சில நொடிகளில் நுரைத்துப் பொங்கி, சந்துபொந்தெல்லாம் புகுந்து, தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். காற்றுக் கசிவை அடைப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் அது வயரையும் சேர்த்தே மூடுகிறது. அதன்பின் அந்த வயரைப் பார்க்கவோ, தொடவோ, இழுக்கவோ முடியாது.

அப்படி மூடலாமா? ஃபோம் அடிப்பவரிடம் கேட்டால் தாராளமாக என்பார். எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் என்ன வயர், எத்தனை வயர், எவ்வளவு நீளம் என்று திருப்பிக் கேட்பார். டொராண்டோவிலும் லண்டனிலும் பழைய வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, வீட்டுச் செலவோடும் உயிரோடும் சம்பந்தப்பட்ட விஷயம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் விதிகளையும் அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நல்ல வயரும் நல்ல ஃபோமும் சேர்ந்திருப்பதில் தவறில்லை. ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாமல் நடக்கும்போதுதான் விபத்து வருகிறது.

வயரின் சூடு எங்கே போகும்?

மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். சூட்டின் அளவு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அமெரிக்க வீடுகளில் பிளக் பாயிண்டுகளுக்குப் போடும் 12 கேஜ் செம்புக் கம்பி, அதாவது சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர் கம்பி, மீட்டருக்கு 0.0052 ஓம் மின்தடை கொண்டது. அதில் 20 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 2 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் பிறக்கும். போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் சேர்த்தால் ஒரு கேபிளில் மீட்டருக்கு 4 வாட்.

கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கிறது. திறந்த வெளியில் இந்த 4 வாட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். கேபிள் கொஞ்சம் வெதுவெதுப்பாவதோடு சரி. அதே கேபிளை ஃபோமுக்குள் புதைத்தால் கதை மாறுகிறது. வெப்பத்தைக் கடத்தாமல் இருப்பதுதானே ஃபோமின் தொழில்! அடர்த்தியான ஃபோமின் வெப்பக் கடத்துதிறன் மரத்தைவிடச் சுமார் ஐந்து மடங்கு குறைவு. வெளியே போக வழியில்லாத வெப்பம் கம்பியிலேயே தேங்கும். கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறும், மின்தடை ஏறினால் சூடு இன்னும் கூடும். ஒரு கட்டத்தில் உள்ளே பிறக்கும் வெப்பமும் வெளியே கசியும் வெப்பமும் சமமாகி வெப்பநிலை நிலைத்து நிற்கும். அந்தக் கட்டம் வயர் உறை தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிரேக்கர் அளப்பது மின்னோட்டத்தை. சுவருக்குள் கேபிள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 20 ஆம்பியர் பிரேக்கர், கேபிள் காற்றில் தொங்கினாலும் 20 ஆம்பியரை விடும், ஃபோமில் புதைந்தாலும் 20 ஆம்பியரை விடும். பிரேக்கர் ட்ரிப் ஆகவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நினைப்பதற்கு இதில் இடமில்லை. உறை ஒரே நாளில் உருகிவிடுவதில்லை. வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் காய்ந்து, விறைத்து, வெடிக்கிறது.

பீங்கான் குமிழ்க் காலத்து வீடுகள்

1880களிலிருந்து 1940கள் வரை வட அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்த வயரிங் முறைக்கு நாப் அண்ட் டியூப் என்று பெயர். பழைய வீட்டின் பரணில் ஏறி டார்ச் அடித்தால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். உத்தரத்தின் பக்கவாட்டில் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் அடித்திருக்கும். கறுத்துப்போன துணி சுற்றிய கம்பி ஒன்று அவற்றைப் பற்றிக்கொண்டு போகும். ஓரடி தள்ளி இன்னொரு கம்பி தனியாகப் போகும். மரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் பீங்கான் குழாய். துணியைத் தொட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் பொருபொருவென்று உதிரும். எர்த் வயர் கிடையாது.

இந்த ஏற்பாடு முழுக்கக் காற்றை நம்பியது. இரண்டு கம்பிகளும் விலகி நின்று, சுற்றிலும் காற்று ஓடினால் சூடு தணியும் என்பதுதான் அதன் கணக்கு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளை மிச்சப்படுத்த வீடுகளுக்கெல்லாம் வெப்பக்காப்பு போடும் வேகம் பிறந்தது. ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு உதவ அமெரிக்க அரசு 1976இல் ஒரு திட்டத்தையே தொடங்கியது. ஐம்பது அறுபது ஆண்டு பழைய வயர்கள் பஞ்சுக்குள்ளும் காகிதத் தூளுக்குள்ளும் புதைந்தன. வீட்டு வயரை வெப்பக்காப்பு சூழ்ந்தால் எவ்வளவு சூடேறும் என்பதை 1978இல் அந்நாட்டின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தது.

அமெரிக்க மின் விதித்தொகுப்பான நேஷனல் எலக்ட்ரிகல் கோட், தன் 1987ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஒரு தடை போட்டது. தளர்வாகக் கொட்டியது, சுருளாக விரித்தது, நுரைத்து நிரப்பியது என எந்த வெப்பக்காப்பும் நாப் அண்ட் டியூப் வயரைச் சூழ்ந்திருக்கக் கூடாது என்பது அந்தத் தடை. இன்று அது 394ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் எல்லா மாநிலங்களும் அதை அப்படியே ஏற்கவில்லை. இலட்சக்கணக்கான பழைய வீடுகளை என்ன செய்வது? வாஷிங்டன் மாநிலம் ஒரு நடுவழியைப் பிடித்தது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வயரைப் பரிசோதித்து நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று தந்து, வயரின் தாங்குதிறனுக்கு ஏற்ற பிரேக்கரோ ஃபியூஸோ இருந்தால் வெப்பக்காப்பு போடலாம் என்றது. அந்தச் சலுகையிலும் ஃபோமுக்கு மட்டும் இடம் தரவில்லை. பஞ்சை விலக்கிப் பழுது பார்க்கலாம், ஃபோமை விலக்க முடியாது என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு நல்ல நியாயம். பழைய வீட்டுக்காரர் மனத்தில் பதிக்க வேண்டியது இவ்வளவுதான்: நாப் அண்ட் டியூப் இருந்தால் முதலில் வயரை மாற்றுங்கள், ஃபோமைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

அலுமினியம் வயரிங்கும் இதே வரிசையில் வருகிறது. செம்பின் விலை ஏறிய 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம்வரை பல வீடுகளில் அலுமினியம் போட்டார்கள். அதில் கம்பியின் நடுப்பகுதியைவிட முனைகள்தான் தொல்லை. சுவிட்ச், பிளக் பாயிண்ட் திருகுகளில் சூடாகித் தளர்ந்து, தளர்ந்ததால் மேலும் சூடாகும். அந்த இணைப்புகள் இருக்கும் பெட்டிகளைச் சுற்றி ஃபோம் அடிப்பதற்குமுன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஒரு துளையில் ஐந்து கேபிள்

புதிய வீட்டில் வயர் புத்தம் புதியது. பி.வி.சி. மேலுறைக்குள் இரண்டு மின்கம்பிகளும் ஓர் எர்த் கம்பியும் சேர்ந்த தட்டைக் கேபிள்தான் அங்கே வழக்கம். 1984 கோட் முதல் இந்தக் கேபிளின் உட்கம்பி உறை 90 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்று ஆனது. அப்படியிருந்தும், 60 டிகிரிக்கு உரிய மின்னோட்டத்துக்கு மேல் அதில் விடக் கூடாது. இடையிலுள்ள 30 டிகிரி, கொதிக்கும் பரணுக்கும் மூடிய சுவருக்கும் ஒதுக்கிவைத்த சேமிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கேபிள் ஃபோம் வழியாகப் போனால் இந்தச் சேமிப்பு பொதுவாகப் போதும். அதனால்தான் அமெரிக்க விதி ஒற்றைக் கேபிளை ஃபோமில் புதைப்பதற்குத் தடை சொல்லவில்லை.

கேபிள்கள் கூட்டமாகும்போதுதான் வம்பு. சுவரின் மேல்சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். மெயின் பேனலிலிருந்து கிளம்பும் கேபிள்கள் பரணுக்கு ஏற வேண்டும். தனித்தனித் துளை போடச் சோம்பல்பட்டு, பெரிதாக ஒரே துளை போட்டு அதற்குள் நாலைந்து கேபிளை இழுத்துவிடுவார் எலக்ட்ரீஷியன். பிறகு வருபவர் தீயும் காற்றும் மேலே ஏறாமல் அந்தத் துளையில் ஃபோமை அடித்து மூடுவார். இருவர் செய்ததும் அவரவர் பார்வையில் சரிதான். இரண்டும் சேர்ந்த இடத்தில், ஒன்றையொன்று சூடேற்றும் கம்பிகள் மூச்சுவிட வழியின்றி அடைபட்டுக் கிடக்கின்றன.

2005 கோட் முதன்முதலாக இந்தத் துளையைக் கவனித்தது. 2008இல் துளைக்கு வெளியே வெப்பக்காப்பைத் தொட்டபடி ஒட்டிக் கிடக்கும் கேபிள்களுக்கும் விதி விரிந்தது. இரண்டுக்கு மேற்பட்ட கேபிள்கள் இடைவெளியில்லாமல் ஃபோமுக்குள் போனால் அவற்றின் கொள்ளளவைக் குறைத்துக் கணக்கிட வேண்டும்.

கணக்கு கடினமில்லை. கோட் அட்டவணையில் 12 கேஜ் கம்பிக்கு 90 டிகிரி வரிசையில் 30 ஆம்பியர். இதிலிருந்துதான் கழிக்கத் தொடங்க வேண்டும். நான்கு கேபிள் என்றால் மின்னோட்டம் சுமக்கும் கம்பிகள் எட்டு. ஏழு முதல் ஒன்பது கம்பிவரை 70 விழுக்காடு, ஆக 21 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கர் பொருத்தலாம். ஐந்தாவது கேபிளை அதே துளையில் நுழைத்தால் கம்பிகள் பத்து. பத்திலிருந்து இருபதுவரை 50 விழுக்காடுதான், ஆக 15 ஆம்பியர். இப்போது 20 ஆம்பியர் பிரேக்கர் விதிமீறல். ஒரே ஒரு கேபிள் கூடியதால் வந்த வினை இது. பக்கத்தில் இன்னொரு துளை போட்டிருந்தால் இந்த விதிமீறலே வந்திருக்காது.

பிரிட்டன் போட்ட அளவுகோல்

பிரிட்டனின் மின் விதித்தொகுப்பான பி.எஸ். 7671 இதே பிரச்சினையை வேறு கோணத்தில் பிடிக்கிறது. கேபிள் எவ்வளவு நீளத்துக்கு வெப்பக்காப்பில் புதைந்திருக்கிறது என்று அது கேட்கிறது. 50 மில்லிமீட்டர் மட்டும் புதைந்தால் கொள்ளளவை 0.88ஆல் பெருக்க வேண்டும். 100 மில்லிமீட்டருக்கு 0.78, 200க்கு 0.63, 400க்கு 0.51. அரை மீட்டரோ அதற்கு மேலோ முழுதாகச் சூழப்பட்டிருந்தால் பாதிதான்.

வீட்டில் மிகுதியாகப் புழங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளை எடுத்துக்கொள்வோம். சுவரில் நேரடியாகக் கிளிப் அடித்து ஓட்டினால் 27 ஆம்பியர். ஜிப்சம் கூரைத்தளத்தைத் தொட்டபடி போட்டு, மேலே 100 மில்லிமீட்டருக்கு மிகாமல் பஞ்சு மூடினால் 21 ஆம்பியர். அதற்கும் மேல் தடிமனாக மூடினால் 17 ஆம்பியர். நாலாபக்கமும் வெப்பக்காப்பு சூழ்ந்தால் 13.5 ஆம்பியர்.

இந்த எண்களின் பொருள், பிரிட்டன் வீடுகளுக்கே உரிய ரிங் சர்க்யூட்டில் தெரியும். பேனலிலிருந்து கிளம்பி எல்லா பிளக் பாயிண்டுகளையும் சுற்றிவிட்டு மீண்டும் பேனலுக்கே வரும் வளையம் அது. 32 ஆம்பியர் பிரேக்கரில் ஓடும். அதற்கான கேபிள் குறைந்தது 20 ஆம்பியர் தாங்க வேண்டும் என்பது விதி. 21 ஆம்பியர் தாங்கும் நிலையில் கேபிள் தேர்ச்சி பெறுகிறது, 17இல் தோற்கிறது, 13.5இல் படுதோல்வி. பரணில் 270 மில்லிமீட்டர் பஞ்சு போடச் சொல்லி அரசே பரிந்துரைக்கும் நாட்டில், நேற்றுவரை சரியாக இருந்த கேபிள் வெப்பக்காப்பு ஏறிய அன்றைக்கே தகுதி இழக்கலாம். கேபிளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அதன் சூழல்தான் மாறியிருக்கும். ஷவருக்குப் போகும் கேபிளில் இது இன்னும் கூர்மையாகும். 9.5 கிலோவாட் மின் ஷவர் 230 வோல்ட்டில் 41 ஆம்பியர் இழுக்கும். முழுதாகப் புதைந்த 10 சதுர மில்லிமீட்டர் கேபிளே 32 ஆம்பியர்தான் தாங்கும்.

பஞ்சு போட்ட பரணில் கேபிளைத் தூக்கிப் பஞ்சுக்கு மேலே போடுவது எளிய மாற்று. ஃபோமில் அந்த வசதி கிடையாது. அடிப்பதற்கு முன்பே கேபிளை ஜிப்சம் பலகையின் ஓரமாகவோ சட்டத்தின் ஓரமாகவோ நகர்த்தி, ஒரு பக்கமாவது வெப்பம் இறங்க வழிசெய்துவிட வேண்டும். அது முடியாவிட்டால் தடிமனான கேபிள், இல்லையேல் சிறிய பிரேக்கர்.

தெர்மகோல் தொட்டால்

சூட்டைத் தவிர வேதியியல் சங்கதி ஒன்றும் இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. கேபிள் உறை வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒரு நெகிழ்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த உறை தெர்மகோலை, அதாவது பாலிஸ்டைரீன் ஃபோமை, நீண்ட காலம் தொட்டபடி இருந்தால் நெகிழ்ப்பொருள் மெல்ல மெல்லத் தெர்மகோலுக்குள் குடிபெயரும். தெர்மகோல் கரைந்து சுருங்கிப் பிசுபிசுக்கும். உறை விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வரும். சூடு கூடினால் இந்த மாற்றமும் வேகமெடுக்கும்.

பிரிட்டனில் இரட்டைச் சுவரின் நடு இடைவெளியில் தெர்மகோல் மணிகளைக் காற்றழுத்தத்தில் செலுத்தி நிரப்புவது உண்டு. அந்த இடைவெளியில் யாரோ எப்போதோ வயர் ஓட்டியிருந்தால் மணிகள் அதைச் சூழ்ந்துகொள்ளும். இதற்குத் தீர்வு புதிதல்ல. விறைப்பான பி.வி.சி. பைப்பில் நெகிழ்ப்பொருள் இல்லை, ஆகவே அதற்குள் வயரை ஓட்டினால் தொடர்பு அறுந்துவிடும். பீய்ச்சி அடிக்கும் பாலியூரித்தேன் ஃபோமில் இந்தத் தொல்லை தெர்மகோலில் உள்ள அளவுக்கு இல்லை. ஃபோம் என்று ஒரே பெயரில் விற்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

நுரைக்கும் நேரத்து ஆபத்து

பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் உருவாக்கினார்கள். இன்றைய ஸ்ப்ரே ஃபோமும் அதே வேதியியல்தான். ஒரு பீப்பாயில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால் கலவை. இரண்டும் துப்பாக்கி முனையில் சந்தித்து வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மெல்லிய அடுக்காக அடித்தால் வெப்பம் கலைந்துவிடும். அவசரத்தில் ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால், ஃபோம் தன் வெப்பத்தைத் தானே உள்ளே பூட்டிவைத்துக் கருகத் தொடங்கும், முற்றினால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் அடர்த்தி வகை ஃபோமை ஒரு தடவைக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்குமேல் அடிக்காமல், ஆறவிட்டு அடுத்த அடுக்குக்குப் போகச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஃபோம் அடிக்கும் வேலை நடந்த வீடுகளில் மூண்ட தீ குறித்து 2011இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகம் எச்சரிக்கையும் விடுத்தது. அந்த அடுக்கின் நடுவே கேபிள் இருந்தால் அதன் உறையும் சேர்ந்தே வேகும்.

இறுகிய ஃபோமும் எரியும் பொருள்தான். எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். 2010 நவம்பரில் ஷாங்காயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வெல்டிங் பொறி வெளிச்சுவர் வெப்பக்காப்பு வேலைக்கான பாலியூரித்தேனைப் பற்றவைத்ததில் 58 பேர் மாண்டார்கள். வீட்டுக்குள் ஃபோமை அப்படியே திறந்துவைக்காமல் அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடச் சொல்லும் அமெரிக்க விதிக்கு இந்தக் குணமே காரணம். சுவருக்குள் தளர்ந்த இணைப்பில் பொறி பறந்தால் முதலில் அகப்படுவது பக்கத்திலிருக்கும் பொருள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் டப்பாவில் விற்கும் ஃபோமுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. ஃபோமை வெளியே தள்ளுவதற்காக அதில் அடைத்திருக்கும் வாயு பெரும்பாலும் எளிதில் தீப்பற்றுவது. மூடிய சிறு இடத்தில் அதை அடித்துக்கொண்டே சுவிட்சைப் போடுவதும், பக்கத்தில் கேஸ் அடுப்போ கீசரின் சிறுசுடரோ எரிவதும் வெடிப்பில் முடியலாம். கேபிள் போகும் துளைகளைத் தீத்தடுப்புக்காக அடைக்க வேண்டிய இடத்தில் அதற்கென்றே சான்று பெற்ற வகையை வாங்க வேண்டும். அமெரிக்காவில் அது ஆரஞ்சு நிறத்தில் வரும். ஆய்வாளர் தொலைவிலிருந்தே அடையாளம் காண அது உதவுகிறது.

பெட்டியும் விளக்கும்

வயரின் நடுப்பகுதி அபூர்வமாகத்தான் கெட்டுப்போகும். கெடுவது இணைப்புகளில்தான். ஆகவே ஜங்ஷன் பாக்ஸ் எப்போதும் கைக்கு எட்ட வேண்டும் என்பது விதி. சுவரையோ கூரையையோ உடைக்காமல் அதைத் திறக்க முடிய வேண்டும். பரணில் கிடக்கும் ஒரு பெட்டியை ஃபோம் மூடிவிட்டால் அடுத்து வருகிற எலக்ட்ரீஷியனுக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. விளக்கு எரியாமல் போனால் எங்கே தேடுவார்?

சுவிட்ச் பாக்ஸ்களின் பின்புறத்திலும் பக்கத்திலும் கேபிள் நுழையும் ஓட்டைகள் இருக்கும். பொங்கும் ஃபோம் அவற்றின் வழியே உள்ளே புகுந்து திருகுமுனைகளைச் சூழ்ந்து இறுகிவிடும். பிறகு சுவிட்சை மாற்றப் போனால் வயரைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அடிக்கும் முன் ஓட்டைகளை அடைத்து, முன்வாயை டேப்பால் மூடிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. பெட்டிக்குள் குளிர்காற்று வருகிறது என்று டப்பா ஃபோமை உள்ளேயே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது.

கூரைக்குள் பதிக்கும் விளக்குகளில் இரண்டு வகை. வெப்பக்காப்பு தொடலாம் என்று சான்று பெற்றவை ஒரு வகை. மற்றதைச் சுற்றி அமெரிக்க விதிப்படி குறைந்தது 3 அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர், காலியாக விட வேண்டும், மேலேயும் மூடக் கூடாது. சான்று பெற்ற வகையிலும் பஞ்சு தொடுவதும் ஃபோம் இறுக்கமாகச் சூழ்வதும் ஒன்றல்ல. விளக்குத் தயாரிப்பாளர் ஃபோமுக்கு வெளிப்படையாக அனுமதி தந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மேலே ஒரு கூண்டு கட்டிய பிறகே அடிக்க வேண்டும்.

இன்னொன்று, தச்சர்கள் அறிந்த நுணுக்கம். சுவருக்குள் தளர்வாகக் கிடக்கும் கேபிளை ஒரு திருகு மோதினால் அது சற்று விலகி இடம்கொடுக்கும். ஃபோமில் இறுகிய கேபிள் விலகாது, திருகு நேராக உள்ளே இறங்கும். சட்டத்தின் முகப்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் துளை வந்தால் இரும்புத் தகடு அறையச் சொல்லும் விதி எல்லாச் சுவருக்கும் பொது. ஃபோம் சுவரில் அதைத் தட்டிக்கழித்தால் விளைவு உடனே தெரியும். பிதுங்கிய ஃபோமை நீண்ட ரம்பத்தால் சீவும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

ஆஸ்திரேலியா கொடுத்த விலை

வெப்பக்காப்பு வேலையும் மின்வேலையும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கதையே சாட்சி. அங்கே பயன்பட்டது ஃபோம் அல்ல, அலுமினியத் தாளும் கண்ணாடி இழைப் பஞ்சும். ஆனால் பாடம் பொதுவானது.

உலகப் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க 2009 பிப்ரவரியில் பிரதமர் கெவின் ரட்டின் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. வீடுகளின் கூரைக்குக் கீழே இலவசமாக வெப்பக்காப்பு. வேலைவாய்ப்பும் பெருகும், மின்சாரமும் மிச்சமாகும். வீட்டுக்கு 1,600 டாலர்வரை அரசே கொடுத்தது. பணம் புரண்டதும் புதுப்புது ஒப்பந்ததாரர்கள் முளைத்தார்கள். சரியான பயிற்சி இல்லாத இளைஞர்கள் பரண்களில் ஏறினார்கள். மின்சாரத்தைக் கடத்தும் அலுமினியத் தாளை உலோக ஸ்டேப்பிளால் உத்தரத்தில் அடித்தார்கள். அடியில் கேபிள் ஓடுகிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்டேப்பிள் கேபிளைத் துளைத்தால் தாள் முழுவதும் மின்சாரம் பாயும்.

2009 அக்டோபருக்கும் 2010 பிப்ரவரிக்கும் இடையில் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரைக்கடியின் வெப்பம் தாங்காமலும். அவர்களில் ஒருவருக்கு வயது 16. முதல் மரணத்துக்குப் பிறகு உலோக ஸ்டேப்பிள் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னும் மரணங்கள் நிற்கவில்லை. 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. இயன் ஹேங்கர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2014இல் தந்த அறிக்கை, திட்டத்தை ஒழுங்காக வகுத்து நடத்தியிருந்தால் இந்த மரணங்கள் நேர்ந்திருக்காது என்ற முடிவுக்கு வந்தது. நியூசிலாந்து 2016இல் வீடுகளில் அலுமினியத் தாள் வெப்பக்காப்பு போடுவதையே தடைசெய்தது.

பரணில் ஏறிய எவருக்கும் கேபிளைப் பற்றித் தெரியாது. கேபிளைப் பற்றித் தெரிந்த எவரும் பரணில் ஏறவில்லை. ஏறுவதற்கு முன் மெயினை அணைத்திருந்தாலே சில உயிர்கள் தப்பியிருக்கும்.

எந்த வரிசையில் செய்வது?

மேலே பார்த்தவற்றைத் தொகுத்தால் வேலையின் வரிசை தானே அமைந்துவிடுகிறது. முதலில் எலக்ட்ரீஷியன் வர வேண்டும். சுவருக்குள் எந்தக் காலத்து வயர் இருக்கிறது, எந்தக் கேபிளில் எவ்வளவு லோடு, பிரேக்கர் அதற்குப் பொருத்தமா, எங்கெங்கே இணைப்புகள் என்று பார்த்து, கெட்டதை மாற்ற வேண்டும். ஒரே துளையில் நெருக்கியடித்த கேபிள்களைப் பிரித்துவிட வேண்டும். மறைந்து கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸ்களைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து எதிர்காலத்தை நினைக்க வேண்டும். ஃபோம் அடித்த சுவரில் பின்னாளில் புது வயர் இழுக்க முடியாது. கார் சார்ஜர், சோலார், இன்னொரு ஏசி என்று தேவை வரும். பேனலிலிருந்து பரணுக்கு ஓரிரு காலிப் பைப்புகளை இப்போதே பதித்துவைத்தால் அன்றைக்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. அதன்பின் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி புகைப்படம் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். கேபிள் போகும் பாதைக்கு வேறு வரைபடம் இருக்கப்போவதில்லை.

ஃபோம் அடிக்கும் நாளில் அந்தப் பகுதியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, அடுக்கடுக்காக, ஆறவிட்டு அடிக்க வேண்டும். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைத் தூண்டும். அதற்கான முகக்கவசம் இல்லாதவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்வது பொது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் முறையான பயிற்சி பெறாதவர் இந்த வேதிப்பொருளைத் தொழில்ரீதியாகக் கையாள முடியாது.

தமிழ்நாட்டில் வயர் செங்கல் சுவரில் பதித்த பைப்புக்குள் ஓடுவதால் இந்தச் சிக்கல் இந்த வடிவில் வருவதில்லை. ஆனால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பைப் இல்லாமல் வயரை இழுத்துப்போட்டு, அதன்மேல் தெர்மகோலைப் பரப்பும் வீடுகளில் மேலே சொன்ன சூடும் வேதியியலும் அப்படியே பொருந்தும்.

முடிவாக

ஃபோம் தடையா அனுமதியா என்று ஒற்றை விடை தேடினால் விதிப்புத்தகங்கள் கைவிரிக்கும். அமெரிக்க விதி கேபிள்களை எண்ணுகிறது, பிரிட்டன் விதி நீளத்தை அளக்கிறது, வாஷிங்டன் மாநிலம் பழைய வயரின் நிலையைப் பார்க்கிறது. மூன்றும் சுற்றிவந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இந்த வயரை இனி எவரும் பார்க்கப்போவதில்லை என்ற நிலையில் அதைச் சுவருக்குள் விடலாமா?

இதற்கு விடை சொல்லும் தகுதி எலக்ட்ரீஷியனுக்கு உண்டு, ஃபோம் அடிப்பவருக்கு இல்லை. ஆனால் மூடுகிறவர் ஃபோம் அடிப்பவர். வாஷிங்டன் மாநிலம் பழைய வயருக்கு மட்டும் கேட்கும் சான்றை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்கலாம். எலக்ட்ரீஷியன் பார்த்துக் கையெழுத்திட்ட தாள் கைக்கு வராமல் ஃபோம் துப்பாக்கியை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலிதான். சட்டம் வரும்வரை காத்திராமல், வீட்டுக்காரரே இதைக் கேட்டு வாங்கலாம்.